அலன் ரியூரிங்: முறியாத பூட்டை முறித்தவர்



க.பொ.த. சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் இணையப் பாதுகாப்புப் பற்றிக் கற்கும்போது மறைகுறியாக்கம், மறைகுறி நீக்கம், சாவி, இற்றைப்படுத்தல் ஆகிய சொற்களை நீங்கள் அடிக்கடி சந்திக்கின்றீர்கள். இவற்றின் வரைவிலக்கணங்களை மனனம் செய்து எழுதிவிடலாம். ஆனால் வினாவைச் சற்று மாற்றிக் கேட்டால் மனனம் செய்தவர் தடுமாறுவார். விடயம் எவ்வாறு நடந்தது என்று அறிந்தவர் தடுமாறமாட்டார். இக்காரணத்தினால் இப்பகுதியை ஒரு மனிதரின் வாழ்க்கையுடன் தொடங்குகின்றோம். அவர் பெயர் அலன் மதிசன் ரியூரிங். கணிதம் என்றதும் அஞ்சவேண்டாம். இதனை ஒரு வரலாற்றுப் பாடம்போல வாசியுங்கள். வாசிக்கும்போது ஒரு வினாவை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: உலகிலேயே பலமான பூட்டு என்று நம்பப்பட்ட ஒன்று எதனால் திறக்கப்பட்டது?

1. பிறப்பும் இளமையும்

அலன் ரியூரிங் 1912 ஆம் ஆண்டு யூன் மாதம் 23 ஆம் திகதி இலண்டனிற் பிறந்தார். அவருடைய குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு. தந்தை யூலியஸ் ரியூரிங் பிரித்தானிய ஆட்சியில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய சிவில் சேவை அதிகாரி. தாய் எதெல் சாரா கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள போத்தனூரிற் பிறந்தவர். தாயின் தந்தையார் சென்னை ரயில்வேயிற் பிரதம பொறியியலாளராக இருந்தவர். மூத்த சகோதரர் ஜோன், குன்னூரிற் பிறந்தார்.

தந்தையின் பணி காரணமாகப் பெற்றோர் பெரும்பாலும் இந்தியாவிலேயே வாழ்ந்தனர். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் வீட்டில் வளர்ந்தனர். பெற்றோரை நீண்ட இடைவெளிகளிலேயே காணக்கூடியதாக இருந்தது. அலன் சிறு வயதிலேயே எண்களில் மிகுந்த விருப்பங் கொண்டவராகவும், தனிமையிற் சிந்திப்பவராகவும் காணப்பட்டார்.

1926 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் ஷேர்போர்ன் பாடசாலையிற் சேரவேண்டியிருந்தது. அவ்வேளை பிரித்தானியா முழுவதும் பொது வேலைநிறுத்தம் நடைபெற்றதனால் ரயில்கள் ஓடவில்லை. பதின்மூன்று வயதான அலன் துறைமுக நகரான சவுத்ஹம்டனில் இருந்து ஏறத்தாழ 60 மைல் தூரத்தைத் துவிச்சக்கர வண்டியிற் கடந்து பாடசாலையை அடைந்தார். இடையில் ஓர் இரவு விடுதியிற் தங்கினார்.

எனினும் பாடசாலையில் அவர் எல்லோரும் மெச்சும் மாணவராக இருக்கவில்லை. கையெழுத்துத் தெளிவற்றிருந்தது. மொழிப் பாடங்களிற் புள்ளிகள் குறைவாக இருந்தன. ஆசிரியர் காட்டிய வழியை விட்டுத் தனது சொந்த வழியிற் கணக்குகளைச் செய்ததனால் கண்டிக்கவும்பட்டார். அவருக்குக் கிடைத்த உற்ற நண்பர் கிறிஸ்டோபர் மோர்கம். விஞ்ஞானத்திலும் வானியலிலும் ஆர்வங்கொண்ட இருவரும் சேர்ந்து கற்றனர். 1930 பெப்ரவரியில் மோர்கம் காசநோயின் விளைவாகத் திடீரென இறந்தார். இவ்விழப்பு அலனை ஆழமாகப் பாதித்தது. நண்பர் செய்ய நினைத்த பணியைத் தான் செய்யவேண்டும் என்ற உறுதியுடன் அவர் படிப்பில் இறங்கினார்.

2. கேம்பிரிட்ஜும் கற்பனை இயந்திரமும்

1931 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்த ரியூரிங், 1934 இற் கணிதத்தில் முதல் வகுப்பிற் சித்தியடைந்தார். 1935 இல், தமது 22 ஆவது வயதில், அக்கல்லூரியின் ஆய்வாளர் பதவிக்குத் தெரிவானார்.

1936 இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே கணினி வரலாற்றின் முக்கிய மைல்கல் ஆகும். கணித வினா எதனையும் தீர்ப்பதற்குப் பொதுவான ஒரு பொறிமுறை உண்டா என்ற வினாவுக்கு விடை தேடும்போது, அவர் மனதில் ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்தார். முடிவற்ற நீளமுள்ள ஒரு நாடா, அதிற் கட்டங்கள், கட்டத்திலுள்ள குறியை வாசித்து, அழித்து, எழுதி, வலமோ இடமோ நகரும் ஒரு தலை. இவ்வளவுதான் அவ்வியந்திரம். தகுந்த அறிவுறுத்தல்களை வழங்கினால் ஒரே இயந்திரம் எந்தக் கணிப்பையும் செய்யும் என அவர் காட்டினார். அத்துடன், எந்த இயந்திரத்தாலும் தீர்க்க முடியாத வினாக்கள் உள்ளன என்பதையும் நிறுவினார். இன்று இதனை ரியூரிங் இயந்திரம் என்கின்றோம். ஒரே கைத்தொலைபேசியிற் பாட்டுக் கேட்கவும் கணக்குச் செய்யவும் கடிதம் எழுதவும் முடிகிறது என்றால், அதன் அடிப்படைக் கருத்து இதுவேயாகும்.

அதன்பின் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் அலன்சோ சேர்ச் என்பவரின் வழிகாட்டலில் ஆய்வு செய்து 1938 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும், பிரித்தானிய அரசின் இரகசியக் குறியீட்டுத் துறைக்குப் பகுதிநேரமாக உதவத் தொடங்கினார்.

3. எனிக்மா என்னும் பூட்டு

ஜேர்மனிய இராணுவம் தனது செய்திகளை வானொலி அலைகள் மூலம் அனுப்பியது. வானொலி அலையை எவரும் கேட்கலாம். ஆகவே செய்தி அனுப்பப்படும் முன்னர் மறைகுறியாக்கம் செய்யப்படவேண்டியிருந்தது. இதற்காகப் பாவிக்கப்பட்ட கருவியே எனிக்மா.

எனிக்மா பார்வைக்குத் தட்டச்சுப் பொறி போன்றது. ஓர் எழுத்தை அழுத்தினால், மின்னோட்டம் செருகுப் பலகை ஒன்றின் ஊடாகவும் மூன்று சுழல் சில்லுகளின் ஊடாகவும் சென்று, திரும்பி வந்து, வேறோர் எழுத்துக்குரிய விளக்கை ஒளிரச் செய்யும். ஒவ்வோர் எழுத்துக்கும் சில்லு நகர்வதனால், ஒரே எழுத்தை இருமுறை அழுத்தினாலும் வெவ்வேறு எழுத்துகள் கிடைக்கலாம். பெறுபவர் தனது எனிக்மாவையும் அதே ஒழுங்கில் அமைத்துக்கொண்டால் மூலச் செய்தி திரும்பக் கிடைக்கும். அந்த ஒழுங்கே சாவி ஆகும். சாவி நாள்தோறும் மாற்றப்பட்டது. சாவிகள் அச்சிடப்பட்ட தாள்களாக முன்கூட்டியே விநியோகிக்கப்பட்டன.

ஐந்து சில்லுகளில் மூன்றைத் தெரிந்து ஒழுங்குபடுத்த 60 வழிகள் உண்டு. மூன்று சில்லுகளும் தொடங்கக்கூடிய நிலைகள் 17,576. செருகுப் பலகையிற் பத்துச் சோடி எழுத்துகளை இணைக்கும் வழிகளோ 150 இலட்சம் கோடிக்கு மேற்பட்டவை. இவற்றைப் பெருக்கினால் 159 ஐ அடுத்து 18 பூச்சியங்கள் கொண்ட எண்ணுக்கு அண்மித்த விடை கிடைக்கும். இவ்வெண்ணைக் கண்டே ஜேர்மனியர் எனிக்மாவை முறிக்க முடியாது என நம்பினர்.

ஆனால் அதனை முதலில் முறித்தவர்கள் போலந்து நாட்டுக் கணிதவியலாளர்கள் என்பதை மறவாதீர்கள். மரியன் ரெயெவ்ஸ்கி 1932 இல் சில்லுகளின் உள் இணைப்புகளைக் கணித முறையிற் கண்டுபிடித்தார். யெர்சி ருசிற்ஸ்கி, ஹென்றிக் சிகால்ஸ்கி ஆகியோர் அவருடன் பணியாற்றினர். 1938 டிசெம்பரில் ஜேர்மனியர் மேலும் இரண்டு சில்லுகளைச் சேர்த்தபோது, வேலைப்பளு போலந்து நாட்டவரின் வளங்களை மீறிச் சென்றது. யுத்தம் நெருங்கிய 1939 யூலை மாதத்தில் அவர்கள் தமது கண்டுபிடிப்புகள் அனைத்தையும் பிரித்தானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் கையளித்தனர். இவ்வுதவி கிடைத்திராவிடின் ரியூரிங்கின் பணி மிகவும் தாமதித்திருக்கும்.

4. பிளெச்லி பார்க்கில்

1939 செப்டெம்பர் 3 ஆம் திகதி பிரித்தானியா யுத்தப் பிரகடனம் செய்தது. மறுநாள் ரியூரிங், இலண்டனுக்கு வடக்கேயுள்ள பிளெச்லி பார்க் என்னும் மாளிகைக்குக் கடமைக்கு வந்தார். இங்கேயே இரகசியச் செய்திகளை உடைக்கும் பணி நடைபெற்றது. 1945 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 9000 பேர் இதிற் பணியாற்றினர். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். ஜப்பானியச் செய்திகளை ஆராய்ந்த இதன் தூரகிழக்குப் பிரிவு 1942 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் இருந்து எமது கொழும்புக்கு இடம்மாற்றப்பட்டது என்பதும் அறியத்தக்கது.

எனிக்மாவின் எண்ணற்ற சாவிகளை ஒவ்வொன்றாகப் பரீட்சிப்பது இயலாத காரியம். ரியூரிங் வேறு வழியிற் சிந்தித்தார். எனிக்மாவின் அமைப்பில் ஒரு குறை இருந்தது: எந்த எழுத்தும் தானாகவே மறைகுறியாகாது. அதாவது க என்பதை அழுத்தினால் க என்ற விளக்கு ஒருபோதும் ஒளிராது. பாவித்தவர்களிடமும் குறைகள் இருந்தன. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வடிவிற் காலநிலை அறிக்கை அனுப்பினர். சில இயக்குநர்கள் செய்திக்குரிய தொடக்க எழுத்துகளாக விசைப்பலகையில் அடுத்தடுத்துள்ள எழுத்துகளையோ தமக்கு வேண்டியவரின் பெயரையோ தெரிவு செய்தனர். இன்று பிறந்த திகதியைக் கடவுச்சொல்லாக வைப்பவரைப் போன்றவர்கள் இவர்கள் எனலாம்.

ஒரு செய்தியிற் காலநிலை என்ற சொல் இருக்கும் என்று ஊகித்தால், அச்சொல்லை மறைகுறிச் செய்தியின் கீழ் வைத்து நகர்த்திப் பார்க்கலாம். மேலும் கீழும் ஒரே எழுத்து வரும் இடங்கள் பொருந்தாதவை எனத் தள்ளப்படும். எஞ்சிய இடத்தை வைத்துக்கொண்டு, எந்தச் சில்லு நிலை இதனைத் தரக்கூடும் என்று தேடும் மின்பொறி இயந்திரம் ஒன்றை ரியூரிங் வடிவமைத்தார். அதன் பெயர் பொம்ப். சரியான விடையை நேரே தேடுவதற்குப் பதிலாக, முரண்பாடு உண்டாக்கும் நிலைகளை மிக விரைவாக நீக்கிவிடுவதே அதன் தத்துவம். முதலாவது பொம்ப் 1940 மார்ச்சில் நிறுவப்பட்டது. கோர்டன் வெல்ஷ்மன் செய்த திருத்தத்தினால் அதன் திறன் பெரிதும் அதிகரித்தது. யுத்தம் முடியும்போது 200 இற்கும் மேற்பட்ட பொம்ப் இயந்திரங்கள் பிரித்தானியாவில் இயங்கின.

கடற்படையின் எனிக்மா ஏனையவற்றிலும் கடினமானது. அதனை எவரும் உடைக்க முன்வராத நிலையில் ரியூரிங் அப்பணியைத் தானே ஏற்று, எட்டாம் இலக்கக் குடிலின் தலைவரானார். பிரித்தானியாவுக்கு உணவும் எரிபொருளும் அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஊடாகவே வந்தன. அக்கப்பல்களை ஜேர்மனிய நீர்மூழ்கிகள் கூட்டமாகத் தாக்கி மூழ்கடித்தன. நீர்மூழ்கிகளின் செய்தியை வாசிக்க முடிந்தால் கப்பல்களை வேறு பாதையில் அனுப்பலாம். 1941 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கைப்பற்றப்பட்ட குறியீட்டு நூல்களின் உதவியுடனும் ரியூரிங் வகுத்த முறைகளுடனும் இது சாத்தியமாயிற்று. ஒவ்வொரு செய்தியின் பின்னாலும் நூற்றுக்கணக்கான மாலுமிகளின் உயிர் இருந்தது.

அவர் பழக்கவழக்கங்களில் வித்தியாசமானவர். மகரந்த ஒவ்வாமைக்காக முகத்தில் நச்சுவாயுத் தடுப்பு முகமூடியை அணிந்து சைக்கிளிற் செல்வார். தேநீர்க் கோப்பையைக் களவு போகாதபடி சங்கிலியாற் பூட்டி வைப்பார். ஆளணியும் வளமும் போதாதிருந்தபோது, 1941 ஒக்ரோபரில் அவரும் மூன்று சகாக்களும் மேலதிகாரிகளைக் கடந்து நேரடியாகப் பிரதமர் சேர்ச்சிலுக்குக் கடிதம் எழுதினர். கேட்டவற்றை உடனே வழங்குமாறு பிரதமர் உத்தரவிட்டார்.

5. நான்காவது சில்லு

மாணவர்களே, இப்பகுதியைக் கவனமாக வாசியுங்கள். இற்றைப்படுத்தல் என்றால் என்ன என்பதை இதனிலும் தெளிவாக விளக்கும் சம்பவம் அரிது.

1942 பெப்ரவரி 1 ஆம் திகதி, அத்திலாந்திக்கில் இயங்கிய ஜேர்மனிய நீர்மூழ்கிகள் தமது எனிக்மாவை இற்றைப்படுத்தின. மூன்று சில்லுகளுடன் நான்காவது சில்லு ஒன்று சேர்க்கப்பட்டது. நேற்றுவரை வாசிக்கப்பட்ட செய்திகள் அன்று முதல் வாசிக்க முடியாதனவாயின. ஏறத்தாழப் பத்து மாதங்கள் பிளெச்லி பார்க் இருளில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் மட்டும் நீர்மூழ்கிகள் 7 இலட்சம் தொன்னுக்கும் அதிகமான கப்பல்களை மூழ்கடித்தன. இவ்விழப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் செய்திகளை வாசிக்க முடியாமற் போனது அவற்றுள் முக்கியமானது. எதிரி செய்த ஓர் இற்றைப்படுத்தல் உலகின் மிகச் சிறந்த மூளைகளைப் பத்து மாதங்கள் தடுத்து நிறுத்தியது.

அப்படியானால் அது எவ்வாறு திரும்பவும் முறிந்தது?

1942 ஒக்ரோபர் 30 ஆம் திகதி மத்தியதரைக் கடலில் யூ-559 என்னும் நீர்மூழ்கி தாக்கப்பட்டு மூழ்கிக்கொண்டிருந்தது. பிரித்தானியக் கடற்படையைச் சேர்ந்த ரொனி பாசன், கொலின் கிறேசியர் ஆகிய இருவரும் அதனுள் இறங்கி நூல்களை எடுத்துக் கொடுத்தனர். கப்பற் சிற்றுண்டிச்சாலையிற் பணிபுரிந்த ரொமி பிரவுன் என்ற இளைஞர் அவற்றை வாங்கி வெளியே சேர்த்தார். நீர்மூழ்கி திடீரென மூழ்கியபோது பாசனும் கிறேசியரும் உயிரிழந்தனர். மீட்கப்பட்டவற்றுள் காலநிலைச் செய்திகளுக்குரிய குறியீட்டு நூலும் ஒன்று.

அந்நூலின் துணையுடன் டிசெம்பர் மாதத்தில் ஒரு விடயம் வெளிப்பட்டது. நீர்மூழ்கிகளிடம் புதிய நான்கு சில்லு இயந்திரம் இருந்தது உண்மையே. ஆனால் காலநிலைச் செய்திகளைப் பெறும் கரையோர நிலையங்களிற் பழைய மூன்று சில்லு இயந்திரங்களே இருந்தன. ஆகவே காலநிலைச் செய்தி அனுப்பும்போது நான்காவது சில்லை நடுநிலையில் நிறுத்திவிட்டுப் பழைய முறையிலேயே அனுப்பினர். பழைய முறையை உடைக்கும் இயந்திரம் ரியூரிங் ஏற்கனவே உருவாக்கியதுதான். அதனால் மூன்று சில்லுகளின் சாவி கிடைத்தது. அன்றைய ஏனைய செய்திகளுக்கு நான்காவது சில்லின் 26 நிலைகளைப் பரீட்சித்தாற் போதுமாயிற்று.

இவ்விடையைக் கண்டபோது ரியூரிங் பிளெச்லி பார்க்கில் இருக்கவில்லை. அவர் நவம்பரிலேயே அமெரிக்கக் குறியீட்டு அறிஞர்களுடன் பணியாற்றுவதற்காகக் கடல் கடந்திருந்தார். எனினும் பூட்டைத் திறந்த கருவி அவருடையதே.

புதிய பூட்டைப் போட்டுவிட்டுப் பழைய வாசலைத் திறந்து வைத்தமையே ஜேர்மனியரின் தவறு. இவ்வசனத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

6. யுத்தத்தின் பின்னர்

1945 இல் யுத்தம் முடிந்தது. ரியூரிங்கின் பணிக்கு அரச விருது ஒன்று கிடைத்தது. ஆனால் அவர் என்ன செய்தார் என்பதை வெளியிற் சொல்ல அனுமதியில்லை. பெற்ற தாயாருக்கும் தெரியாது. பிளெச்லி பார்க்கின் கதை 1970 களிலேயே பொதுமக்களுக்குத் தெரியவந்தது.

1945 இல் அவர் பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்திற் சேர்ந்து, நிகழ்ச்சிநிரலைத் தன்னுள்ளே சேமித்து வைக்கும் இலத்திரனியற் கணினி ஒன்றின் விரிவான திட்டத்தைத் தயாரித்தார். அதன் சிறிய வடிவம் 1950 மே மாதத்தில் இயங்கியது. 1948 இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்று அங்கு உருவாகிய ஆரம்பகாலக் கணினிகளுக்கு நிகழ்ச்சிநிரல் எழுதினார். 1950 இல், இயந்திரம் சிந்திக்குமா என்ற வினாவை ஆராயும் கட்டுரையை வெளியிட்டார். எழுத்து மூலம் உரையாடும்போது எதிரில் இருப்பது மனிதரா இயந்திரமா என்று பிரித்தறிய முடியாவிடின், இயந்திரம் சிந்திப்பதாகக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். இதுவே ரியூரிங் சோதனை. 1951 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவானார்.

அவர் சிறந்த ஓட்ட வீரரும் ஆவார். 1947 இல் மரதன் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடம் 3 செக்கனில் ஓடி முடித்தார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் வென்றவரின் நேரத்திலும் இது ஏறத்தாழ 11 நிமிடங்களே அதிகம்.

7. முடிவும் பின்வந்த மதிப்பும்

ரியூரிங் தன்பாலீர்ப்புக் கொண்டவர். அன்றைய பிரித்தானியச் சட்டத்தில் ஆண்களிடையே அத்தகைய உறவு குற்றமாகக் கருதப்பட்டது. 1952 இல் அவர் தண்டிக்கப்பட்டார். சிறைக்குச் செல்லாதிருப்பதற்காக ஓராண்டு ஓமோன் சிகிச்சைக்கு உட்பட நேர்ந்தது. அரசின் இரகசியப் பணியிலும் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. நாட்டின் இரகசியத்தை யுத்த காலம் முழுவதும் காத்த ஒருவரை, அந்நாடே நம்பத்தகாதவர் என ஒதுக்கியது.

1954 யூன் 7 ஆம் திகதி, 42 வயதை அடைய இரண்டு வாரங்கள் இருக்கையில், அவர் சயனைட் நஞ்சினால் தமது வீட்டில் இறந்தார். மரண விசாரணை அதனைத் தற்கொலை எனத் தீர்த்தது. அது ஒரு விபத்து என்றே தாயார் நம்பினார்.

காலம் தாழ்த்தியேனும் அநீதி உணரப்பட்டது. 2009 இற் பிரித்தானியப் பிரதமர் கோர்டன் பிரவுன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2013 டிசெம்பரில் எலிசபெத் மகாராணி அரச மன்னிப்பு வழங்கினார். 2017 இல் நிறைவேறிய சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதே குற்றச்சாட்டிற் தண்டிக்கப்பட்டு இறந்துபோன ஆயிரக்கணக்கானோருக்கு மன்னிப்பை வழங்கியது. மக்கள் அதனை ரியூரிங் சட்டம் என அழைத்தனர். 2021 யூன் 23 ஆம் திகதி, அவரது பிறந்த நாளன்று, அவர் உருவம் பொறித்த 50 பவுண் நாணயத்தாள் வெளியிடப்பட்டது. கணினித் துறையின் அதியுயர் விருது 1966 முதல் அவர் பெயரால் வழங்கப்படுகின்றது.

8. உங்கள் கையிலுள்ள எனிக்மா

இனிப் பாடத்துக்கு வருவோம். இணையத்தில் நீங்கள் அனுப்பும் தகவல் உங்கள் கணினியில் இருந்து நேரே இணையத்தளத்துக்குச் செல்வதில்லை. இடையிற் பல கருவிகளைக் கடந்து செல்கின்றது. முகவரி எச்.ரி.ரி.பி என்று மட்டும் தொடங்கினால், அத்தகவல் தபாலட்டை போன்றது. கைமாறும் இடமெல்லாம் வாசிக்கப்படலாம். எச்.ரி.ரி.பி.எஸ் என்று தொடங்கினால் அது ஒட்டிய கடித உறை போன்றது. மறைகுறியாக்கம் செய்யப்பட்டே செல்லும்.

இம்மறைகுறியாக்கத்தை உங்கள் பக்கத்திற் செய்வது எது? நீங்கள் பாவிக்கும் வலை மேலோடி, அதாவது பிரவுசர். உங்கள் எனிக்மா அதுவே. எனிக்மாவுக்குச் சாவித் தாள்களை முன்கூட்டியே கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. இணையத்தில் முன்பின் அறியாத தளத்துடன் அவ்வாறு செய்ய இயலாது. இதற்குத் தீர்வாக வந்ததே பகிரங்கச் சாவி முறை. அமெரிக்கரான டிபியும் ஹெல்மனும் 1976 இல் இதனை வெளியிட்டனர். பிளெச்லி பார்க்கின் வழிவந்த பிரித்தானிய நிறுவனத்தில் இதே கருத்து 1970 களின் தொடக்கத்திலேயே இரகசியமாக உருவாகியிருந்தது. 1997 இலேயே அது வெளிவந்தது. இம்முறையினால் மேலோடியும் தளமும் ஒவ்வொரு தொடர்புக்கும் புதிய சாவியை உடன்படிக்கை செய்துகொள்கின்றன. தளம் உண்மையானதா என்பதை அதன் சான்றிதழைப் பார்த்து மேலோடி சரிபார்க்கின்றது.

இவ்வுடன்படிக்கைக்கான விதிகளுக்கும் பதிப்புகள் உண்டு. எஸ்.எஸ்.எல் 3.0 என்ற பதிப்பு 1996 இல் வந்தது. அதன்பின் 1999 இல் ரி.எல்.எஸ் 1.0, 2008 இல் ரி.எல்.எஸ் 1.2, 2018 இல் ரி.எல்.எஸ் 1.3 ஆகியன வந்தன. புதியவை வந்த பின்னரும், பழைய தளங்களுடன் பேசுவதற்காக மேலோடிகள் பழைய பதிப்பையும் வைத்திருந்தன. 2014 ஒக்ரோபரில் கூகிள் ஆய்வாளர்கள் பூடில் எனப் பெயரிடப்பட்ட தாக்குதலை வெளிப்படுத்தினர். இடையில் நிற்பவர் தொடர்பைக் குழப்பினால், மேலோடி படிப்படியாகப் பழைய எஸ்.எஸ்.எல் 3.0 க்கு இறங்கும். அங்கேயுள்ள குறையைப் பயன்படுத்தி இரகசியத் தகவலைத் திருடலாம்.

ஐந்தாம் பகுதியை நினைவுபடுத்துங்கள். நான்காவது சில்லை நிறுத்திவிட்டுப் பழைய முறைக்கு இறங்கிய அதே தவறு, 72 ஆண்டுகளின் பின் வேறு வடிவில் வந்திருந்தது.

மேலோடி நிறுவனங்கள் பழைய வாசலை மூடின. எஸ்.எஸ்.எல் 3.0 நீக்கப்பட்டது. 2020 இல் ரி.எல்.எஸ் 1.0, 1.1 ஆகியவற்றையும் பிரதான மேலோடிகள் நிறுத்தத் தொடங்கின. ஆனால் இற்றைப்படுத்தாத மேலோடியில் அவ்வாசல் திறந்தே இருக்கும். நிறுவனம் மூடிய வாசலை உங்கள் வீட்டில் மூடுவதுதான் இற்றைப்படுத்தல். அதைச் செய்யவேண்டியவர் நீங்கள். ஆகவே:

• மேலோடி இற்றைப்படுத்தல் கேட்டால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். பல மேலோடிகள் தாமாகவே இற்றைப்படுத்தலைப் பெற்றுக்கொள்ளும். ஆனால் மூடித் திறந்தாலே அது நடைமுறைக்கு வரும்.
• இற்றைப்படுத்தலை மேலோடியின் அமைப்புப் பகுதியிலோ கைத்தொலைபேசியின் செயலிக் கடையிலோ மட்டும் செய்யுங்கள். ஏதோவொரு பக்கத்தில் உங்கள் மேலோடி பழையது என்று தோன்றும் அறிவித்தலை நம்பிப் பதிவிறக்க வேண்டாம். அது பொறியாக இருக்கலாம்.
• உற்பத்தியாளர் கைவிட்ட மேலோடியைப் பாவிக்காதீர்கள். உதாரணமாக இன்ரநெற் எக்ஸ்புளோரர் மேலோடிக்கான ஆதரவு 2022 யூன் மாதத்தில் முடிவுற்றது.
• சான்றிதழ் பிழை என்று மேலோடி எச்சரித்தால், அங்கே கடவுச்சொல்லையோ வங்கி விபரத்தையோ கொடுக்காதீர்கள்.
• எச்.ரி.ரி.பி.எஸ் இருப்பதனால் மட்டும் தளம் நேர்மையானது ஆகிவிடாது. வழியிற் களவு போகாது என்பதே அதன் பொருள். மோசடிக்காரரும் ஒட்டிய உறையிற் கடிதம் அனுப்பலாம். ஆகவே முகவரியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள்.

தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு இப்போது உங்களிடம் விடை உண்டு. எனிக்மாவின் சாவிகள் எண்ணிக்கையிற் குறைந்தமையால் அது திறக்கப்படவில்லை. அமைப்பில் இருந்த சிறு குறை, பாவித்தவரின் கவனயீனம், கைவிடப்படாத பழைய முறை ஆகிய மூன்றுமே அதனைத் திறந்தன. உங்கள் மேலோடியின் அமைப்பைச் சீர்செய்யப் பொறியியலாளர்கள் இருக்கின்றார்கள். எஞ்சிய இரண்டும் உங்கள் கையில் உள்ளன.

மீட்டற் குறிப்புகள்

1912 – இலண்டனிற் பிறப்பு
1936 – ரியூரிங் இயந்திரம் பற்றிய கட்டுரை
1939 – பிளெச்லி பார்க்கிற் கடமையேற்பு
1940 – முதலாவது பொம்ப் இயந்திரம்
1942 – நான்கு சில்லு எனிக்மா. பத்து மாத இருள்
1950 – ரியூரிங் சோதனை பற்றிய கட்டுரை
1954 – மறைவு
2013 – அரச மன்னிப்பு

பயிற்சி வினாக்கள்

1. மறைகுறியாக்கம், சாவி என்பவற்றை எனிக்மாவை உதாரணமாகக் கொண்டு விளக்குக.
2. எனிக்மா முறிக்கப்பட்டமைக்கான காரணங்கள் மூன்றினைக் குறிப்பிடுக.
3. ஜேர்மனிய நீர்மூழ்கிகளின் காலநிலைச் செய்திக்கும் பூடில் தாக்குதலுக்கும் உள்ள ஒற்றுமையைத் தெளிவுபடுத்துக.
4. எச்.ரி.ரி.பி.எஸ் உள்ள தளம் யாவும் நம்பத்தகுந்தது என ஒரு மாணவர் கூறுகின்றார். இக்கூற்றை ஏற்பீர்களா? காரணம் தருக.
5. உங்கள் வீட்டிலுள்ள கணினியில் அல்லது கைத்தொலைபேசியில் வலை மேலோடியின் பதிப்பு எண்ணைக் கண்டறிந்து, அது இற்றைப்படுத்தப்பட்டுள்ளதா எனப் பார்த்து எழுதுக.

ஐந்தாவது வினாவை எழுதுவதற்கு முன்னர் செய்து முடியுங்கள்.